மாடல் டி எஞ்சின் எண் தேய்ந்துவிட்டது, ஆண்டு தெரிய வேண்டும்

போன மாதம் மிச்சிகனில், பக்கத்து ஊர்க் களஞ்சியம் ஒன்றில் கிடந்த ஃபோர்டு மாடல் டி டூரிங் (துணிக்கூரை போட்ட திறந்த கார்) வண்டியை வாங்கினேன். எஞ்சின் பிளாக்கின் இடப்பக்கம், தண்ணீர் நுழையும் குழாய்க்கு மேலே இருக்க வேண்டிய எண்ணைத் துரு அரித்துவிட்டது. கடைசி 471 மட்டும்தான் தெரிகிறது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன், சாக்பீஸ் தேய்த்தேன், இருட்டில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தும் பார்த்தேன். ம்ஹூம்.

ரேடியேட்டர் கூடு கறுப்பு. பித்தளைக் கூடு 1916 மாடலோடு போய்விட்டது, ஆக அதற்குப் பிந்தியது. (யாராவது கூட்டை மாற்றியிருந்தால் கதை கந்தல்!) ஸ்டார்ட்டர் இல்லை, ஆனால் 1919இல் ஸ்டார்ட்டர் வந்த பிறகும் அது இல்லாத டூரிங் வண்டிகளை விற்றார்கள். பழைய காகிதத்தில் 1919 என்றிருக்கிறது.

இந்த வண்டி வைத்திருப்பவர்களே, பிளாக்கில் வார்ப்புத் தேதியை (பிளாக்கை வார்த்த நாளை) எந்த இடத்தில் தேட வேண்டும்?