கரையோர ஆய்வு விவரங்களைப் பொதுவில் வைக்கலாமா?

மண்டபம்_தரவு:
நம்ம ராமநாதபுரம் கரையோரத்துல நடக்கிற உடல்நல ஆய்வுகளோட மெட்டாடேட்டாவை, அதாவது யாரை, எப்போ, எந்தக் கருவியால, என்ன கேட்டு அளந்தாங்கங்கிற விவரத்தை, ஆய்வு முடியுறதுக்கு முன்னாடியே எல்லாரும் பார்க்க வைக்கணும். ஆட்களோட தரவு பூட்டியே இருக்கட்டும். ஆய்வுத் தரவை மத்தவங்களும் தேடி எடுத்துப் பயன்படுத்துறதுக்காக 2016ல வந்த ஃபேர் நெறிமுறையே, தரவு இல்லாமப் போனாலும் மெட்டாடேட்டா கிடைக்கணும்னு சொல்லுது. ரத்த அழுத்தத்தை எடுத்துக்குங்க. உலக சுகாதார நிறுவனத்தோட ஸ்டெப்ஸ்ங்கிற உடல்நலக் கணக்கெடுப்பு முறையில மூணு தடவை அளந்து, கடைசி ரெண்டோட சராசரியை எடுப்பாங்க. இன்னொரு குழு ஒரே தடவை அளந்திருக்கும். முதல் அளவு பெரும்பாலும் கூடத்தான் காட்டும். ரெண்டு கோப்புலயும் ஒரே தலைப்பு இருந்தா, சேர்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

பாம்பன்_செவிலியர்:
அண்ணே, அந்த விவரத்துலயே ஆள் தெரிஞ்சிடும். ஊர்ப் பேரு, மாசம், பாசி எடுக்கிற பெண்கள், தோல் நோய், எண்ணிக்கை 3. இது போதும், மூணு பேரும் யாருன்னு தெருவே சொல்லிடும். அதிகபட்ச வயசு 94ன்னு போட்டா, அந்த ஊர்ல அது ஒரே பாட்டிதான். ஒரு தடவை நம்பிக்கை போச்சுன்னா, அடுத்த கணக்கெடுப்புக்கு யாரும் கதவு திறக்க மாட்டாங்க.

மண்டபம்_தரவு:
அதுக்காக மொத்தத்தையும் மூடணுமா அக்கா? ஊருக்குப் பதிலா ஒன்றியம் போடலாம். 10க்குக் கீழ இருக்கிற எண்ணிக்கையை மறைக்கலாம். மருத்துவத் தகவலோட ரகசியத்தைக் காக்கிற அமெரிக்க ஹிப்பா விதி மாதிரி 89க்கு மேல எல்லாரையும் '90+'னு ஒண்ணாக்கலாம். காலத்தை மட்டும் எடுத்துடாதீங்க. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. அப்போ போனா ஆம்பளைங்க வீட்ல கிடைப்பாங்க. மத்த மாசம் பகல்ல போனா பாதிப் பேர் கடல்ல, இல்லைன்னா ராத்திரித் தொழில் முடிஞ்சு தூக்கத்துல. ஒரே ஊர் ரெண்டு ஊரா மாறிடும்.

தொண்டி_புள்ளி:
கேள்வி வாசகத்தை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. தலைச்சுத்து, கிறுகிறுப்பு, மயக்கம் எல்லாம் ஆங்கிலப் பட்டியல்ல 'டிஸ்ஸினஸ்'னு ஒண்ணாயிடுது. மயக்கம்னா நினைவு தப்பினதாவும் இருக்கலாம். கேட்ட தமிழ் வாக்கியம் அப்படியே வரணும். குறியீட்டு எண்களும் வேணும். வாரத்துல எத்தனை நாள் பழம் சாப்பிடுவீங்கன்னு ஸ்டெப்ஸ்ல கேட்டு, தெரியாதுன்னா 77 போடுவாங்க. அந்தக் குறிப்பு இல்லாம சராசரி போட்டா வாரத்துக்கு 7 நாளைக்கூடத் தாண்டலாம். தாண்டினாலாவது கண்ணுல படும். தாண்டலைன்னா தப்பு அப்படியே கட்டுரைக்குள்ள போயிடும்.

பாம்பன்_செவிலியர்:
தமிழ் வாக்கியம் கட்டாயம் வரணும், அதுல மாற்றுக்கருத்து இல்லை. காலத்துக்கு 'தடைக்காலம்', 'மத்த காலம்'னு போட்டாப் போதும், தேதி வேண்டாம். ஆனா 10க்குக் கீழ மறைச்சா தீராது அண்ணே. மொத்தம் 48, மத்தவங்க 45ன்னு பக்கத்துலயே நின்னா, கழிச்சா 3 வந்துடும். இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைக்கணும். அதனால கேள்வித்தாள், அளக்கிற முறை, குறியீடு மூணும் முன்னாடியே வரட்டும். எண்ணிக்கை இருக்கிற எந்தக் கட்டமும், கள வேலை முடிஞ்சு ஒருத்தர் உட்கார்ந்து கழிச்சுப் பார்த்த பிறகுதான். அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.