பிஎஸ்2 ஃபேட்: நீல சிடி ஏற மாட்டேங்குது, டிவிடி ஓடுது. லென்ஸ் மாத்தணுமா?

கட்டைவிரல்:
வணக்கம். மாமா வீட்டுப் பரண்ல கிடந்த பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2 கேம் பெட்டி) இப்போ என்கிட்ட வந்திருக்கு. மாடல் நம்பர் 50000 வரிசை, தட்டு வெளியே வர்ற பெரிய பெட்டி, அதான் 'ஃபேட்'. காப்பி வட்டு ஓட்ட வைக்கிற மோட் சிப் எதுவும் இல்ல. வட்டுகளும் ஒரிஜினல்தான்.

வெள்ளி நிற டிவிடி கேம் எல்லாம் ஏறுது. சினிமா டிவிடி போட்டா பாதிப் படம் வரைக்கும் சுத்தமா ஓடிட்டு, அதுக்கப்புறம் திக்க ஆரம்பிக்குது. அடிப்பக்கம் நீலமா இருக்கிற சிடி கேம் போட்டா உள்ள கர்ர்னு சத்தம், கொஞ்ச நேரத்துல வட்டு அடையாளம் தெரியலன்னு வர்ற அந்தச் சிவப்புத் திரை. பிஎஸ்1 கறுப்பு வட்டு போட்டா லோகோ வருது, கேமும் ஆரம்பிக்குது. ஆனா நடுவுல வர்ற வீடியோ காட்சிகள்ல படமும் குரலும் வெட்டி வெட்டி வருது.

தெருமுனை ரிப்பேர் கடையில கேட்டேன். "லென்ஸ் வீக் ஆயிடுச்சு தம்பி, பவர் ஏத்தி விட்டா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்"னார். விடலாமா? இல்ல புது லென்ஸே வாங்கிடவா?

நைட்ஷிப்ட்:
கடைக்காரர் சொன்னதையே செய்ங்க ப்ரோ. ஹெட்டுக்கு (லென்ஸும் லேசரும் இருக்கிற பகுதி) அடியில குட்டியா பாட் இருக்கும், தடையைக் கூட்டிக் குறைக்கிற திருகு, சின்ன ஸ்க்ரூடிரைவரால லேசா திருப்பினா போதும். எங்க ஏரியாவுல எல்லாரும் அப்படித்தான் ஓட்டினோம்.

லேசர்தாத்தா:
கட்டைவிரல், பாட்டைத் தொடாதீங்க. கடைக்கும் இப்போ போக வேண்டாம். நீங்க எழுதினதுலயே பாதி விடை இருக்கு.

பிஎஸ்2 ஹெட்டுக்குள்ள ரெண்டு லேசர் டயோடு. டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு, சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு. நீல வட்டும் சிடிதான், பிஎஸ்1 கறுப்பு வட்டும் சிடிதான், ரெண்டையும் படிக்கிறது ஒரே டயோடு. கறுப்பு வட்டுல லோகோ வந்து கேம் ஆரம்பிக்குதுன்னா சிடி டயோடு உயிரோடதான் இருக்கு. அப்புறம் ஏன் நீலம் மட்டும் ஏறல? பிஎஸ்1 கேமுக்கு 2x வேகம், அதாவது சாதாரண சிடி வேகத்தைப் போல ரெண்டு மடங்கு, போதும். பிஎஸ்2 சிடி கேமை டிரைவ் 24x வரைக்கும் சுத்தும். நீங்க கேட்ட கர்ர் சத்தம் அந்த வேகம்தான். அவ்வளவு வேகத்துல லென்ஸ் மேல மெல்லிசா ஒரு படலம் இருந்தாலோ, வட்டைப் பிடிக்கிற க்ளாம்ப் லேசா ஆடினாலோ, முதல்ல உதை வாங்கறது நீல வட்டுதான்.

இதைப் பெட்டியைத் திறக்காமலே சோதிச்சுப் பார்க்கலாம். வட்டு இல்லாம ஆன் பண்ணி, முதல்ல வர்ற மெயின் மெனுல முக்கோணத்தை அழுத்தி வெர்ஷன் தகவலுக்குப் போங்க. அங்க 'பிளேஸ்டேஷன் டிரைவர்'னு ஒரு வரி இருக்கும், அதுக்குள்ள டிஸ்க் ஸ்பீடு. அதை 'ஃபாஸ்ட்' ஆக்கிட்டு, நல்லா ஓடுற கறுப்பு வட்டைப் போடுங்க. 'ஸ்டாண்டர்டு'ல ஓடினது இதுல தடுமாறினா, பிரச்சினை வேகத்தோடது. டயோடு செத்ததால இல்ல.

அப்புறம் அந்த டிவிடி. ரெட்டை அடுக்கு வட்டா? சினிமா டிவிடி பெரும்பாலும் அப்படித்தான். அதுல முதல் அடுக்கு உள்ளேயிருந்து வெளிய ஓடும், ரெண்டாவது அடுக்கு விளிம்புலேர்ந்து உள்ள திரும்பி வரும். அதனால பாதிப் படம்கிறது வட்டோட வெளி ஓரம். ஹெட் தண்டவாளத்துல கடைசி வரைக்கும் நகர்ந்து போக வேண்டிய இடம் அது. ரெட்டை அடுக்கு வட்டு திருப்பி அனுப்புற வெளிச்சமும் குறைவு. அங்க திக்குது, பிஎஸ்1 வீடியோவும் திக்குதுன்னா எனக்கு முதல் சந்தேகம் அந்தத் தண்டவாளத்துல காய்ஞ்சு போன கிரீஸ் மேல. கேம் நடுவுல விட்டு விட்டுப் படிக்கும், அதுல சின்னத் தடங்கல் வெளிய தெரியாது. வீடியோ காட்சிக்கு நிறுத்தாம ஊட்டணும், அதான் அங்க முதல்ல காட்டிக்கொடுக்குது.

நைட்ஷிப்ட்:
தாத்தா, பாட் திருப்பி எத்தனையோ பெட்டி ஓடியிருக்கே?

லேசர்தாத்தா:
ஓடும், யார் இல்லன்னா. எதனால ஓடுதுன்னு பாருங்க. தடையைக் குறைச்சா டயோடுக்குக் கரண்ட் கூடும். அழுக்கு லென்ஸ் வழியாவும் வெளிச்சம் முட்டி மோதிப் போயிடும். அழுக்கு அங்கேயே இருக்கும், டயோடு ஆயுசு மட்டும் குறையும். இவர் பெட்டியில இன்னொரு ஆபத்து: சிடிக்கு ஒண்ணு, டிவிடிக்கு ஒண்ணுன்னு பாட் ரெண்டு. எது எதுன்னு தெரியாம திருப்பினா நல்லா ஓடிட்டு இருக்கிற டிவிடியும் போச்சு. அந்தக் கடைக்காரர் மீட்டர் வச்சுப் பழைய ஓம் அளவைக் குறிச்சு வைப்பாரான்னு முதல்ல கேளுங்க.

யாழ்வட்டு:
தம்பி, என்ர பெட்டியிலயும் இதே கதைதான். கடற்கரைப் பக்கம் வீடு, உப்புக்காத்து. மூடியைக் கழட்டிப் பார்த்தால் தண்டவாளத்துக் கிறீஸ் தேன்பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. துடைச்சுப் போட்டுப் புதுசு வச்சன், வீடியோ திக்கினது நிண்டுட்டுது. லென்சைத் தொடக்கூட இல்லை.

கட்டைவிரல்:
தாத்தா சொன்ன சோதனை பண்ணேன். ஸ்டாண்டர்டுல ஓடின கறுப்பு வட்டு ஃபாஸ்ட்ல லோகோவோட நின்னுடுச்சு! திறந்து சுத்தம் பண்றேன். எதால துடைக்கிறது? வீட்ல மருந்துக்கடை ஸ்பிரிட் இருக்கு. பிரஷ் வச்ச க்ளீனர் சிடி ஒண்ணும் இருக்கு.

லேசர்தாத்தா:
அந்த க்ளீனர் சிடி வேண்டாம். லென்ஸ் மெல்லிசான கம்பிகள்ல தொங்கிட்டு இருக்கு, சுத்துற வேகத்துல பிரஷ் அதை அடிக்கும். மருந்துக்கடை ஸ்பிரிட்ல தண்ணி கலந்திருக்கும், காய்ஞ்சதும் தடம் விழும். எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கேளுங்க, ஐபிஏன்னா தெரியும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க, லென்ஸ் பிளாஸ்டிக், வெளுத்துடும்.

ப்ளக்கைப் பிடுங்கிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்க, பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருக்கு. திருகுகள் அடியில சதுர மூடிகளுக்குள்ள இருக்கும். மேல் மூடியைச் சடார்னு தூக்காதீங்க, முன்னாடி ரீசெட் பட்டன்லேர்ந்து ஒரு பட்டை கேபிள் வரும், அது அறுந்தா வேற தலைவலி. டிரைவ் மேல இருக்கிற தகடை எடுத்தா லென்ஸ் தெரியும். பட்ஸ்ல ஒரு சொட்டு, நடுவுலேர்ந்து வெளிய சுத்தி ஒரு தடவை, அழுத்தமே கூடாது. கொசுவர்த்தி, சாம்பிராணி போடுற வீடுன்னா பட்ஸ் பழுப்பாகும் பாருங்க. காய்ஞ்ச பட்ஸால இன்னொரு தடவை.

தண்டவாளக் கம்பி ரெண்டையும், ஹெட்டை நகர்த்துற திருகுத்தண்டையும் நல்லாத் துடைச்சிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஆகிற வெள்ளை லித்தியம் கிரீஸ் குண்டூசி முனை அளவு தடவுங்க. தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதுவும் ஆகாது. டிரைவ் மேலேர்ந்து எடுத்த தகடுல இருக்கிற வட்டமான க்ளாம்ப்பையும் துடைங்க. டிரைவ் பக்கவாட்டுல ஒரு வெள்ளைப் பல்சக்கரம் இருக்கும், ஹெட்டோட சாய்வுக்கு அதான். அதைத் திருப்பக்கூடாது. கை பட்டுடுமேன்னு பயமா இருந்தா மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்குங்க. மூடி திறந்திருக்கும்போது ஆன் பண்ணிக் குனிஞ்சு பார்க்காதீங்க, சிடி லேசர் கண்ணுக்குச் சரியாவே தெரியாது.

புது ஹெட் வாங்கற நிலை வந்தா ஒரே ஒரு விஷயம். ஸ்டாட்டிக்ல சாகாம இருக்க அதோட பட்டை கேபிள்ல ஒரு பொட்டு ஈயம் வச்சு ஷார்ட் பண்ணி அனுப்புவாங்க. மாட்டினப்புறம் அதை எடுக்காம "புதுசும் வேலை செய்யல"ன்னு தூக்கிப் போட்டவங்க நிறைய.

டிஸ்க்வேண்டாம்:
ஃபேட்னா பின்னாடி விரிவாக்க அறை இருக்கே. நெட்வொர்க் அடாப்டரும் பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க்கும் கிடைச்சா, உங்க சொந்த வட்டுகளை அதுல ஏத்தி ஓபிஎல்ங்கிற மென்பொருள் வழியா ஓட்டலாம். டிரைவுக்கு ஓய்வு. யூஎஸ்பில முயற்சி பண்ணாதீங்க, அது 1.1தான், வீடியோ காட்சி மறுபடியும் திக்கும்.

கட்டைவிரல்:
பட்ஸ் டீ கலர்ல வந்துச்சு, தாத்தா. கிரீஸும் மாத்தியாச்சு. கறுப்பு வட்டு ஃபாஸ்ட்லயும் ஓடுது, படம் கடைசி வரைக்கும் ஓடிடுச்சு. நீல வட்டுல ஒண்ணைத் தவிர எல்லாமே ஏறுது. அந்த ஒண்ணு மட்டும் இன்னும் சிவப்புத் திரைதான். அடிப்பக்கம் கீறலே இல்ல. கடையில பாலிஷ் போட்டா வருமா?

லேசர்தாத்தா:
படம் போட்ட பக்கத்தை மேல வச்சு, டியூப்லைட்டுக்கு நேராத் தூக்கிப் பாருங்க. ஊசி குத்தின மாதிரி வெளிச்சம் வருதா? சிடில தகவல் லேபிளுக்கு ஒட்டி அடியிலதான் இருக்கு, 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைத் தாண்டி. டிவிடில அது நடுவுல, ரெண்டு தகடுக்கு இடையில. அதனால சிடிக்கு லேபிள் பக்கக் கீறல்தான் எமன்.

கட்டைவிரல்:
நாலஞ்சு இடத்துல வெளிச்சம் வருது. பிசி டிரைவ்லயும் போட்டேன், அதுவும் எடுக்கல.

லேசர்தாத்தா:
அப்போ பாலிஷுக்குக் காசு கொடுக்காதீங்க, அது அடிப்பக்கக் கீறலுக்கு மட்டும்தான். அந்த கேம் வேணும்னா வேற வட்டுதான் தேடணும். வாங்கும்போதும் இதே மாதிரி லைட்ல தூக்கிப் பார்த்து வாங்குங்க.