புதுப்பிப்பு: சேஜ்மேத் முப்பரிமாண வரைபடம், ஜாவா தொல்லை தீர்ந்தது

பாளையங்கோட்டையில் எங்கள் ஆய்வகக் கணினிகளில் சேஜ்மேத் (இலவசக் கணித மென்பொருள்) முப்பரிமாண வரைபடம் ஜாவா கேட்டு முரண்டு பிடிக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பதிப்பை மாற்றியாச்சு. 2020இல் வந்த 9.0 முதல் ஜாவாவில் ஓடும் ஜேமாலுக்குப் பதில், பிரௌசரிலேயே வரையும் த்ரீ.ஜேஎஸ்தான் இயல்பாகவே படம் காட்டுகிறது. ஜாவா வேண்டாம், பிரௌசர் போதும்.

சில கணினிகளில் மட்டும் வெள்ளைத் திரை. பிரௌசர் செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் அணைந்து கிடந்தது. அதைப் போட்டதும் வெப்ஜிஎல் (பிரௌசரில் முப்பரிமாணப் படம் வரையும் வசதி) உயிர் பெற்று, குதிரைச் சேணம் போல வளைந்த சேணப் பரப்பு சட்டென்று வந்து நின்றது. மவுஸால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு சுழல்கிறது. ஒரு பையன் சக்கரத்தை உருட்டி உருட்டிப் பரப்புக்கு உள்ளேயே போய்விட்டு, "சார், வெளிய எப்படி வர?" என்கிறான்!

அப்புறம், பரப்பை வரைய ஒவ்வொரு திசையிலும் 40 புள்ளி என்ற இயல்பு அளவே போதும். 300 வைத்தால் பழைய கணினி திணறுகிறது.