ஜப்பான்ல நட்பு கிடைக்குமா? – வாங்க, சண்டை போடலாம்

கவாசாகி தனிமரம்:
ஜப்பான் வந்து எட்டு மாசம். ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் ஒருத்தர் பார்க்கும்போதெல்லாம் "கோந்தோ நோமி நி இகிமாஷோ"ம்பார். இன்னொரு நாள் குடிக்கப் போலாம்னு அர்த்தம். மூணாவது தடவை சொன்னப்ப நான் போனை எடுத்து காலண்டரைத் திறந்து, "வெள்ளிக்கிழமை சரியா?"ன்னு கேட்டேன். மனுஷன் பல்லிடுக்குல "ஸ்ஸ்ஸ்"னு காத்தை இழுத்தார். தலையைச் சாய்ச்சு "ச்சொத்தோ..."ன்னார். அவ்வளவுதான், வாக்கியத்தையே முடிக்கல. அதுக்கப்புறம் கோந்தோவும் நின்னு போச்சு. சனி ஞாயிறு ரூம்ல தனியா சோறு வடிச்சு சாப்பிடறேன். இந்த ஊர்ல நட்புன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?

நிஷிகசாய் வாசி:
இல்ல தம்பி. சீக்கிரம் புரிஞ்சுக்கிட்டா மனசு நோகாது. பதினாலு வருஷ அனுபவத்துல சொல்றேன். மனசுல இருக்கறது ஹொன்னே, வெளிய காட்டறது தத்தேமாயே. நீங்க கேட்டது ரெண்டாவது. நம்மூர்ல பஸ் ஸ்டாண்டுல பார்த்தவர்கிட்ட "ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாங்க"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிடறோமே, அதுதான் கோந்தோ. உடனே பையைத் தூக்கிட்டு யாராவது போவாங்களா?

பேசாம டோக்கியோல எங்க நிஷிகசாய் பக்கம் குடி வாங்க. 2000ஐ ஒட்டி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நம்மாளுங்க, தோஸாய் லைன் மெட்ரோல ஏறினா நேரா ஆபீஸுங்க இருக்கற ஓத்தேமாச்சில இறங்கலாம்னுதான் இங்க தங்க ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு துவரம்பருப்பும் கிடைக்கும், காய்ச்சல்னா ரசம் கொண்டு வர ஆளும் கிடைக்கும். அது போதாதா?

ஃபுகுவோகா அக்கா:
பதினாலு வருஷம் நம்மாளுங்க நடுவுலயே இருந்துட்டு ஜப்பான்காரங்க பழக மாட்டாங்கன்னா எப்படி சார்?

எங்க தெருவுல நம்மூர்க்காரங்க நாங்க ஒரே குடும்பம். தெருச் சங்கத்துல (ச்சோனாய்காய்) இருந்து காய்ரான்பான்னு ஒரு அட்டை வீடு வீடா சுத்தி வரும். படிச்சுட்டு முத்திரை குத்தி அடுத்த வீட்டுக்குத் தள்ளணும். ஒரு வருஷம் நானும் எழுத்து புரியாமலே குத்தி, பக்கத்து வீட்டுக் கதவுக் கைப்பிடில மாட்டிட்டு ஓடி வந்துட்டிருந்தேன். ஒரு நாள் துணிஞ்சு மணி அடிச்சு, "இதுல என்ன போட்டிருக்கு?"ன்னு அந்த வீட்டுப் பாட்டியம்மாகிட்ட கேட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்குத் தெரு சாக்கடை சுத்தம் பண்ணணுமாம். நான் அதுவரைக்கும் போனதே இல்ல! கையுறை மாட்டிட்டுப் போனேன். வேலை முடிஞ்சதும் ஆளுக்கொரு பாட்டில் டீ குடுத்தாங்க. அடுத்த வாரம் என் கதவுக் கைப்பிடில ஒரு பை, உள்ள முழங்கை நீளத்துக்கு முள்ளங்கி, மண்ணோட.

நிஷிகசாய் வாசி:
முள்ளங்கி சரிம்மா. அந்தப் பாட்டியம்மா வீட்டுக்குள்ள இதுவரைக்கும் எத்தனை தடவை போயிருக்கீங்க?

ஃபுகுவோகா அக்கா:
போனதில்ல. செருப்பு விடற கென்கான் வரைக்கும்தான், மறைக்கல. ஆனா போன வருஷம் புயல் எச்சரிக்கை வந்தப்ப, பால்கனித் தொட்டியெல்லாம் உள்ள எடுத்து வெச்சாச்சான்னு முதல்ல மணி அடிச்சுக் கேட்டது அவங்கதான். வீட்டுக்குள்ள கூப்பிட்டு காபி குடுத்தாத்தான் நட்புங்கறது நம்ம அளவுகோல் சார். அதை வெச்சு அவங்களை அளந்தா நமக்குத்தான் நஷ்டம்.

(அவங்க குடுக்கற காய்க்கூட்டுல மீன் சாறு இருக்கும். சைவம்னு நாலு தடவை சொல்லிட்டேன். "மீன் போடலையே, தாஷிதானே!"ங்கறாங்க. இது வேற பஞ்சாயத்து.)

ஷட்டில் ராணி:
அக்கா, இருபத்தஞ்சு வயசுப் பையனை சாக்கடை வாரச் சொல்றீங்களே 😄

என் வழி வேற. நான் குடிக்க மாட்டேன், அதனால நோமிகாய்ல (கூடிக் குடிக்கற விருந்து) ஊலொங் டீயோட ஓரமா உக்காந்து பிரயோஜனமில்ல. எங்க வார்டு ஜிம்னேசியத்துல ஒரு பேட்மிண்டன் சாகுருல (விளையாட்டுக் குழு) சேர்ந்தேன். ஒரு மாலைக்குச் சில நூறு யென்தான். முதல் மூணு மாசம் "யொரோஷிகு", "ஒத்சுகாரே"ன்னு ஆரம்பத்துலயும் முடிவுலயும் சொல்ற மரியாதை வார்த்தை தவிர ஒரு பேச்சும் கிடையாது. ஆனா ரெண்டு வாரம் காய்ச்சல்ல போகாம இருந்து திரும்பிப் போனப்ப, என் பேரை எழுதின ஷட்டில் டப்பா அலமாரில அப்படியே இருந்தது. அப்புறம்தான் லைன் (இங்க வாட்ஸப் மாதிரி) குரூப்ல சேர்த்தாங்க.

இங்க ஆளைப் பார்த்துப் பழகறதில்ல, ஒரே இடத்துக்கு ஒரே கிழமை விடாம வர்றியான்னு பார்த்துத்தான் பழகறாங்க.

நிஷிகசாய் வாசி:
அது நட்பா, வருகைப் பதிவேடா? நான் ஜப்பானிய மொழித் தேர்வுல என்-டூ நிலை பாஸ் பண்ணினவன். இன்னிக்கும் வாயைத் திறந்தா "நிஹொங்கோ ஜோஸு தேஸ் நே"ன்னு பாராட்டு. நம்மூருக்கு வந்து பதினாலு வருஷமான ஒரு வெள்ளைக்காரரை தினமும் "தமிழ் நல்லா பேசறீங்களே"ன்னா அவருக்கு எப்படி இருக்கும்? அது பாராட்டு இல்ல, சுவர்.

ஷட்டில் ராணி:
இது நியாயம்தான் அண்ணே, எனக்கும் எரிச்சல் வரும். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அந்த 'தேஸ்', 'மாஸ்'னு முடியற மரியாதைப் பேச்செல்லாம் விட்டுட்டுப் பேச ஆரம்பிக்கற நாள் ஒண்ணு வரும். நம்ம "நீங்க" போய் "நீ" வர்ற மாதிரி. எங்க குரூப்ல ஒருத்தி போன மாசம் ஷட்டிலைத் தவறவிட்டதுக்கு என்னைத் திட்டினா. மாஸ் போடாம! ரயில்ல வீடு வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தேன்.

நிஷிகசாய் வாசி:
திட்டு வாங்கினதுக்கு சந்தோஷம். நல்லா இருங்க.

கவாசாகி தனிமரம்:
எல்லாருக்கும் நன்றி. இன்னிக்கு பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட வெள்ளிக்கிழமைன்னெல்லாம் கேக்கல. பன்னெண்டு மணிக்கு எழுந்து நின்னு "ஸோபா?"ன்னேன் (இங்கத்து நூடுல்ஸ்). மனுஷன் உடனே கோட்டை மாட்டிட்டார். ஸ்டேஷன் ஓரத்துல நின்னுக்கிட்டே சாப்பிடற கடை. உறிஞ்சற சத்தம் தவிர வேற பேச்சே இல்ல. பத்து நிமிஷத்துல திரும்பியாச்சு. சீட்டுல உக்காரும்போது மட்டும், "அந்தக் கடைல செவ்வாய்க்கிழமை டெம்புரா மலிவு"ன்னார். டெம்புரான்னா நம்ம பஜ்ஜி மாதிரி.

இதுவும் தத்தேமாயேவா அண்ணே?

நிஷிகசாய் வாசி:
செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்துட்டு வந்து எழுதுங்க தம்பி.