எட்டு வயது தத்து நாய்: வெளியே போகாமல், வீட்டுக்குள் வந்ததும் கம்பளத்தில் சிறுநீர்

கேள்வி

காப்பகத்திலிருந்து தத்தெடுத்த பெண் நாய். வயது எட்டு என்றார்கள். எடை 18 கிலோ, கருத்தடை ஆனது. அங்கே இரண்டு வருடம் சிமெண்ட் தரைக் கூண்டிலேயே இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து 11 நாள் ஆகிறது.

காலையும் மாலையும் அரை மணி நேரம் வாக்கிங் கூட்டிப் போகிறோம். மோப்பம் பிடித்துக்கொண்டே நடக்கும், ஒன்றும் போகாது. வீட்டுக்குள் வந்து லீஷைக் கழற்றி ஐந்து நிமிடம் ஆகாது, சோபா பக்கத்துக் கம்பளத்தில் போய்விடும். தினமும் மூன்று நான்கு முறை இப்படி. இது போதாதென்று, தூங்கி எழுந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். துடைப்பதெல்லாம் பினாயிலில்தான். முதல் இரண்டு நாள் அதட்டிப் பார்த்தோம். இப்போது நாங்கள் இருக்கும்போது போவதில்லை, அடுத்த அறைக்குப் போனதும் போகிறது. இரவில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடலாமா? இந்த வயதில் இதையெல்லாம் பழக்க முடியுமா?

பதில் 1

தாராளமாக முடியும். வளர்ந்த நாய்க்கு அடக்கிவைக்கத் தெரியும், எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை. ஆனால் நீங்கள் ஒன்றாகச் சேர்த்து எழுதியிருப்பது இரண்டு பிரச்சினை. கம்பளம் வேறு, படுக்கை வேறு.

படுக்கை ஈரம் பெரும்பாலும் கசிவு. கருத்தடை ஆன பெண் நாய்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் சிறுநீர்க் குழாயை இறுக்கிப் பிடிக்கும் தசை தளர்ந்துவிடும். அறுவை முடிந்து பல வருடம் கழித்தும் இது தொடங்கலாம். தூக்கத்தில் நாய்க்கே தெரியாமல் ஒழுகுவது, பழக்கி நிற்காது. மாத்திரையில் பெரும்பாலும் கட்டுப்படும். சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு என்றாலும் இதே ஈரம் வரலாம் என்பதால், முதல் வேலை சிறுநீர்ப் பரிசோதனை. ஏதாவது மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்களா என்றும் காப்பகத்தில் கேளுங்கள். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டிருந்தால் எந்த நாயும் நிறையக் குடிக்கும், நிறையப் போகும்.

மாதிரிக்குக் காலையில் போகும் முதல் சிறுநீர்தான் வேண்டும், அடர்த்தி அதில்தான் சரியாகத் தெரியும். நீளக் கைப்பிடியுள்ள சுத்தமான கரண்டியோடு பின்னால் நில்லுங்கள். அது உட்கார்ந்து போகத் தொடங்கிய பிறகு, நடுவில் பிடியுங்கள். 10 மில்லி போதும். ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோக முடியாவிட்டால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

தண்ணீரை எடுக்கவே எடுக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. அதற்குப் பதில் அளந்து ஊற்றி, 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை அளந்து கழியுங்கள். ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 60 மில்லி சாதாரணம், உங்கள் நாய்க்குச் சுமார் ஒரு லிட்டர். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அதாவது 1.8 லிட்டருக்கு மேல் போனால், அந்தக் கணக்கையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போது கம்பளம். அதட்டலில் நாய் கற்றுக்கொண்டது "வீட்டுக்குள் போகக் கூடாது" என்பதை இல்லை. "இவர்கள் பார்க்கும்போது போனால் ஆபத்து" என்பதைத்தான். வெளியில் ஒன்றரை மீட்டர் லீஷின் மறுமுனையில் யார் நிற்கிறார்கள்? நீங்கள்தானே. அதனால் அங்கேயும் அடக்கிக்கொண்டு வருகிறது. போதாதற்குப் புது இடம், புதுச் சத்தம், இரண்டு வருடமாகச் சிமெண்ட் மட்டுமே மிதித்த கால். உள்ளே வந்து லீஷ் கழன்றதும், ஏற்கெனவே தன் வாடை இருக்கிற, உறிஞ்சுகிற, தெறிக்காத ஓர் இடம் கிடைக்கிறது. அது அங்கே போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதலில் கம்பளத்தைச் சுருட்டி எடுத்துவிடுங்கள், குறைந்தது ஒரு மாதத்துக்கு. பிறகு வாக்கிங்கையும் சிறுநீர் கழிக்கக் கூட்டிப் போவதையும் பிரியுங்கள். வாசலுக்கு அருகில் ஒரே இடம். தொடக்கத்தில் சிமெண்ட் அல்லது கல் தரையாகவே இருக்கட்டும், பிறகு புல்லுக்கு மாற்றிக்கொள்ளலாம். உள்ளே துடைத்த துணியைப் பினாயில் படாமல் எடுத்துவைத்து, அந்த இடத்தில் போடுங்கள். மூன்று மீட்டர் லீஷ் நல்லது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேசாமல், நடக்காமல் பத்து நிமிடம் நில்லுங்கள்.

உட்கார்ந்ததும் பாராட்டத் தொடங்கினால் பாதியில் எழுந்து உங்களிடம் ஓடி வரும், மிச்சம் வீட்டுக்குள் வரும். முடித்து எழுகிற கணத்தில், இரண்டு விநாடிக்குள், நின்ற இடத்திலேயே சுண்டுவிரல் நகம் அளவில் வேகவைத்த கோழி மூன்று துண்டு கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் அது கதவைத் தாண்டியதற்கான பரிசாகிவிடும். அதன் பிறகுதான் வாக்கிங். பலர் செய்வது தலைகீழ்: நாய் போனதும் "வேலை முடிந்தது" என்று வீட்டுக்குத் திரும்புகிறார்கள். போனால் உலாவல் முடிந்துவிடும் என்று புரிந்துகொண்ட நாய், முடிந்த மட்டும் அடக்கும்.

பத்து நிமிடத்தில் போகவில்லையா? உள்ளே வாருங்கள், ஆனால் லீஷைக் கழற்றாதீர்கள். இடுப்பிலோ நாற்காலியிலோ மாட்டி 15 நிமிடம் பக்கத்திலேயே வைத்திருந்து மறுபடி அதே இடம். போகும்வரை இதே சுற்று. முதல் நாள் அலுத்துப்போகும், ஆறேழு சுற்றுகூட ஆகலாம். போய் முடித்த பிறகு மட்டும் முக்கால் மணி நேரம் லீஷ் இல்லாமல், உங்கள் கண் எதிரில்.

கூட்டிப் போகும் நேரம்: எழுந்த உடனே, சாப்பிட்ட 15 முதல் 30 நிமிடத்தில், தூங்கி எழும்போதெல்லாம், படுக்கும் முன். இவை போக முதல் வாரம் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. சாப்பாட்டு நேரம் நிலையாக இருந்தால் மலம் கழிக்கும் நேரமும் தானாகவே நிலைக்கு வந்துவிடும். சாப்பாட்டுக் கிண்ணத்தை மட்டும் 20 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.

உள்ளே போவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் கத்தாமல், "வா வா" என்று சாதாரணக் குரலில் கூப்பிட்டு வெளியே கூட்டிப்போங்கள். பார்க்காமல் நடந்துவிட்டால் துடையுங்கள், அவ்வளவுதான். மூக்கைக் கொண்டுபோய்த் தேய்ப்பவர்கள் வீட்டு நாய்கள்தான் கட்டிலுக்கு அடியில் போகின்றன.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒன்று: பினாயிலை நிறுத்துங்கள். அது நம் மூக்கைத்தான் ஏமாற்றும். நாய்க்கு அந்த வாடைக்கு அடியில் சிறுநீர் வாடை அப்படியே இருக்கும். தவிர பீனால் கலந்தவை பாதத்தில் ஒட்டி, நக்கும்போது உள்ளே போனால் நஞ்சு. அம்மோனியா உள்ள திரவங்கள் சிறுநீர் வாடையையே ஒத்திருப்பதால் அழைப்பிதழ் வைத்த மாதிரி ஆகிவிடும். பிளீச்சிங் திரவத்தைச் சிறுநீர் மேல் நேரடியாக ஊற்றினால் கண் எரியும் குளோரமைன் வாயு கிளம்பும்.

வேண்டியது என்சைம் கிளீனர், அதாவது சிறுநீர்க் கறையைச் சிதைக்கும் என்சைம் கலந்த துடைப்புத் திரவம். காய்ந்த சிறுநீரில் இருக்கும் யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால்தான் ஈரப்பதம் கூடிய நாளில் பழைய கறை மறுபடி நாறுகிறது. ஏற்கெனவே பினாயில் போட்ட இடம் என்பதால் முதலில் வெறும் தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவி ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் என்சைம் செத்துவிடும். சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் கிளீனரும் இறங்க வேண்டும், கம்பளத்தில் லேசாகத் தெளித்துத் துடைப்பது வீண். பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் ஈரமாகவே விட்டுவிட்டு, தானாகக் காயவிடுங்கள். வெந்நீர் வேண்டாம். இருட்டில் புறஊதா டார்ச் அடித்தால் நீங்கள் பார்க்காத இடங்களும் மஞ்சள் பச்சையாகத் தெரியும். சோபாவின் கீழ் விளிம்பையும் பாருங்கள்.

கேட்டவர்

நன்றி. பரிசோதனையில் தொற்றும் சர்க்கரையும் இல்லை. கசிவுக்கு மாத்திரை தொடங்கி ஐந்தாம் நாள், படுக்கை காய்ந்திருக்கிறது. கம்பளத்தை எடுத்தாயிற்று. வெளியே இப்போது தினமும் ஐந்து முறை போகிறது. ஒரே ஒரு குறை: வீட்டில் யாரும் இல்லாத ஐந்து மணி நேரத்தில் வாசற்கதவு அருகே போய்விடுகிறது. கூண்டில் அடைக்கலாமா?

பதில் 3

அடைக்கும் முன் பழைய போன் ஒன்றைக் கேமராவாக வைத்து, நீங்கள் கிளம்பிய எத்தனையாவது நிமிடத்தில் போகிறது என்று பாருங்கள். நான்கு மணி நேரம் தூங்கி எழுந்து, கதவருகே சுற்றிவிட்டுப் போகிறது என்றால் சிறுநீர்ப்பையின் கொள்ளளவு அவ்வளவுதான். நடுவில் ஒருவர் வந்து கூட்டிப்போக வேண்டும், அல்லது சிறுநீரை உறிஞ்சும் பேட் ஒன்றைப் படுக்கையிலிருந்து தள்ளி விரிக்க வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள், மூச்சிரைப்பு, எச்சில் ஒழுகல், கதவைப் பிறாண்டல் இவற்றோடு போகிறது என்றால் அது தனிமைப் பதற்றம். அந்த நாயைக் கூண்டில் பூட்டினால் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். ஒரு நிமிடம் வெளியே போய்த் திரும்புவதில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுவதுதான் வழி, மருத்துவரிடமும் பேசுங்கள்.

இரண்டு வருடம் கூண்டிலேயே போய்ப் பழகிய நாய்க்கு "படுக்கும் இடத்தில் போகாது" என்ற கணக்கும் பொருந்தாது. தடுப்புக் கேட் போட்டு ஓர் அறையோடு நிறுத்துங்கள். இரண்டு வாரம் ஒரு தவறும் இல்லாவிட்டால் அடுத்த அறையைத் திறக்கலாம். இடையில் ஒருமுறை தவறினால் பழைய அறைக்கே திரும்பி இரண்டு வாரத்தை முதலிலிருந்து எண்ணுங்கள்.

டயபர் கட்டுவதாக இருந்தால் கசிவுக்கு மட்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, தோலைக் கழுவி உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் புண்ணாகும். வெளியே கூட்டிப் போகும்போது கழற்ற மறக்கவே கூடாது.

மாத்திரை ஃபீனைல்புரோப்பனோலமைனாக இருந்தால் அது ரத்த அழுத்தத்தை ஏற்றக் கூடியது. அடுத்த முறை போகும்போது அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வாசற்கதவுக்கு வெளியே படி இருக்கிறதா? எட்டு வயதில் மூட்டு வலி சாதாரணம். எழுந்திருக்கும்போது பின்கால் வழுக்குகிறதா, படியில் தயங்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் படுக்கையிலிருந்து கதவுவரை ரப்பர் பாய் போட்டு, படிக்குச் சரிவுப் பலகை வையுங்கள். நமக்கு வாங்கி வைத்திருக்கும் வலி மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுத்துவிடாதீர்கள், ஐபுப்ரோஃபென் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.