‘கிரவுண்ட் ட்ரூத்’: களச்சான்று என்று வைக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு சிறுதீவுகளில் சுற்றுலாவின் விளைவை ஆராயும் துறைக்கான சொற்பட்டியல் பெரும்பாலும் முடிந்துவிட்டது. படப்புள்ளி, பிரிதிறன், கரைக்கோடு எதிலும் யாருக்கும் மறுப்பில்லை. முக்கியமாக இழுத்துக்கொண்டிருப்பது ‘கிரவுண்ட் ட்ரூத்’, அதாவது படத்தில் தெரிவது எது என்று அறிய அந்த இடத்துக்கே போய்த் திரட்டும் தரவு. தரை உண்மை, கள உண்மை, களச் சரிபார்ப்பு என மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான் களச்சான்று என்பதை முன்வைக்கிறேன். எங்கள் இராமநாதபுரம் கடற்கரையை வைத்தே காரணம் சொல்கிறேன்.

> தரை உண்மை என்றால் மாணவருக்கு உடனே புரியும்.

மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவுக்கு அது பொருந்தாது. அங்கே நாம் அறிய வேண்டியதில் பாதிக்கு மேல் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு படப்புள்ளி (பிக்சல்) 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். அகச்சிவப்பு அலையை மேல்நீரே உறிஞ்சிவிடும். நீல ஒளிதான் ஓரளவு ஆழம் போய்த் திரும்பும். அதனால் கடலடி பெரும்பாலும் வெளிர்ந்த பரப்பாகவோ கருத்த பரப்பாகவோதான் படத்தில் தெரிகிறது. வெளிர்ந்தது மணல் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். கருத்தது கடற்புல்லா, உயிருள்ள பவளமா, செத்த பவளத்தின் மேல் படர்ந்த பாசியா என்று படம் மட்டும் சொல்லாது. படகின் நங்கூரம் பட்டு ஒரு பவளக் கிளை ஒடிந்தால் அது எந்தப் படப்புள்ளியிலும் வராது. இறங்கிப் பார்த்தவர் சொல்ல வேண்டும். அந்த இடத்தைத் தரை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. களம் என்ற சொல் கடலுக்கும் பொருந்தும்.

இறங்கிப் பார்ப்பவர் ஆராய்ச்சியாளராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்குக் கஞ்சிப்பாசி எங்கே கிடைக்கும், மரிக்கொழுந்துப்பாசி எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) ஒட்டியிருக்கும் என்பது அத்துபடி. அவர்கள் சொல்வதையும் இடம், நாள் குறித்துப் பதிவு செய்தால் அதுவும் தரவுதான். சான்று என்ற சொல் அதற்கு இடம் கொடுக்கிறது. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

> கள உண்மை என்றாவது வைக்கலாமே? ‘உண்மை’யை ஏன் விட வேண்டும்?

களத்தில் எடுத்தது எப்போதும் படத்தைவிடச் சரியானது என்ற எண்ணத்தை அது விதைத்துவிடும். தனுஷ்கோடிப் பக்கத்து மணல் தீடைகளை, அதாவது கடலில் எழும் மணல் திட்டுகளைப் பாருங்கள். காற்றும் நீரோட்டமும் மாற மாற அவையும் இடம் மாறும். சோழகக் காற்று (தென்காற்று) வீசும் காலத்தில் ஜிபிஎஸ் வைத்துக் குறித்த விளிம்பை வாடைக்காலப் படத்தோடு பொருத்தினால் இரண்டும் ஒத்துவராது. இத்தனைக்கும் இரண்டுமே அந்தந்த நாளுக்குச் சரி. கைபேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டினாலே புள்ளி பக்கத்துப் படப்புள்ளிக்குப் போய்விடும்.

நேரமும் ஒரு சிக்கல். சென்டினல்-2 நம் தலைக்கு மேல் வருவது காலை பத்தரை மணியை ஒட்டித்தான். 2017-இல் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு அங்கே மாலையில் வந்து நிற்கும் வாகனக் கூட்டத்தை அது ஒருநாளும் பார்க்காது. அந்தக் கணக்கை நாம்தான் நின்று எடுக்க வேண்டும். களத்தில் கிடைப்பது எடைபோட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று. சான்று என்றால் அந்தப் பொருள் தானாக வந்துவிடுகிறது.

> களச் சரிபார்ப்பு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

இருக்கட்டும், அதுவும் வேண்டும். ஆனால் அது வேலையின் பிற்பாதி. களத்தில் திரட்டியதில் ஒரு பங்கை வைத்துக் கணினிக்கு ‘இது கடற்புல், இது மணல்’ என்று முதலில் கற்றுக்கொடுக்கிறோம். மீதியைத் தனியே ஒதுக்கிவைத்து, வரைபடம் வந்த பிறகு அது எவ்வளவு சரி என்று பார்க்கிறோம். இரண்டுக்கும் பயன்படும் தரவு களச்சான்று. இரண்டாவது செயல் மட்டுமே களச் சரிபார்ப்பு. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், கற்பித்த புள்ளியை வைத்தே சரிபார்த்துத் துல்லியம் அதிகம் என்று காட்டும் கட்டுரைகளுக்கு நாமே வழிவிட்டதாகும்.

சான்று என்றதும் தாலுகா ஆபீஸ் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். மனச்சான்று என்று சொல்லும்போது நமக்கு அந்த நினைவு வருவதில்லை. புழங்கப் புழங்கச் சரியாகிவிடும். களச்சான்றுப் புள்ளி, களச்சான்று நாள் என்று கூட்டுச் சொற்களும் எளிதாக அமைகின்றன.

ஆக, பட்டியலுக்கு நான் தரும் பதிவு இது:

களச்சான்று: தொலையுணர்வுப் படத்தில் தெரிவது எது என்று அறிய, அந்த இடத்திலேயே, படம் எடுத்த நாளையொட்டி, இடமும் நேரமும் குறித்துத் திரட்டிய தரவு. நீருக்கடியில் கண்டதும், அவ்விடத்தில் தொழில் செய்வோர் கூறியதும் இதில் அடங்கும்.

இன்னும் முடிவாகாத இன்னொரு சொல் ‘கண்ட்ரோல் சைட்’, அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்துக்கொள்ளும், சுற்றுலா தொடாத இடம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே கடலில் மூழ்கிவிட்டன. அதற்குச் சுற்றுலா காரணமில்லை. சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியெடுத்த காலம் ஒன்று இருந்தது. 2016-இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. இவற்றையெல்லாம் கழித்த பிறகுதான் பயணிகளால் வந்த மாற்றம் எது என்று சொல்ல முடியும். அதற்குப் படகில் ஆள் கூட்டிப்போகும் குருசடையை, பயணிகள் இறங்காத பக்கத்துத் தீவோடு சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது தீவுக்கு ‘கட்டுப்பாட்டு இடம்’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். வனத்துறை தடைவிதித்த இடம் என்றே எங்கள் ஊரில் படிப்பார்கள். ஒப்பிடம் என்று வைக்கலாமா? வேறு சொல் இருந்தாலும் எழுதுங்கள்.