பெரியப்பா கேட்ட வட்டி

கயல்: வெள்ளிக்கிழமை கல்லூரியில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். காலநிலை நீதி, பொருளாதாரச் சமத்துவம், இதற்காக உலக அளவில் இயக்கம் கட்டுவது. முதல் வரி எழுதிவிட்டேன்: "பூமித்தாய் அழுகிறாள்." எப்படி இருக்கிறது?

அருண்: கண்ணீரைத் துடைக்கப் போவது நீயா?

மாலா அத்தை: அதை எடுத்துவிடு கண்ணு. கேட்டதும் எல்லோரும் போனைக் கையில் எடுத்துவிடுவார்கள்.

பெரியப்பா: அட்டை பிடித்துக்கொண்டு தெருவில் நின்றால் புகை நின்றுவிடுமா? முப்பத்திரண்டு வருடம் வங்கியில் இருந்தவன் கேட்கிறேன். பணம் யார் தருகிறார்கள், அதைச் சொல் முதலில்.

கயல்: விஷயமே அதுதான் பெரியப்பா. காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க, 2020-க்குள் ஏழை நாடுகளுக்கு வருடத்துக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009-ல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் வாக்குக் கொடுத்தன.

பெரியப்பா: தந்தார்களா?

கயல்: 2022-ல்தான் முதல் தடவையாக அந்தத் தொகையை எட்டினார்கள்.

பெரியப்பா: தாமதத்தை விடு. மானியமா, கடனா?

கயல்: அரசுகள் வழியாக வந்ததில் பெரும்பகுதி கடன்.

பெரியப்பா: என்னது

பெரியப்பா: வட்டியோடா??

கயல்: ஆமாம். சிலதற்குக் குறைந்த வட்டி. சிலதற்குக் கிட்டத்தட்ட சந்தை வட்டி.

பெரியப்பா: ஒருவன் குப்பையைக் கொளுத்துகிறான். தீ அடுத்த வீட்டுக் கூரைக்குப் பரவுகிறது. அணைக்க அவனே வட்டிக்குக் கடன் கொடுக்கிறான். அதைத் தருமக் கணக்கிலும் எழுதிக்கொள்கிறான். எங்கள் கிளையில் எவனாவது இப்படி எழுதியிருந்தால் தணிக்கையில் மாட்டியிருப்பான்.

அருண்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: நீக்குவதற்கு முன் படித்துவிட்டேன் அருண். நான் போராளி எல்லாம் இல்லை. எது பற்று, எது வரவு என்று கேட்டேன், அவ்வளவுதான்.

கயல்: இதையும் பாருங்கள். 2022 பாகிஸ்தான் வெள்ளத்தில் 3.3 கோடி பேர் பாதிக்கப்பட்டார்கள். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் அந்த நாட்டின் பங்கு 1 சதவீதம்கூட இல்லை. ஏற்கெனவே கழுத்து வரை கடன். இடிந்ததைத் திரும்பக் கட்ட இன்னும் கடன்.

மாலா அத்தை: நாட்டுக்கு நாடு மட்டும்தானா? ஒரே நாட்டுக்குள் பணக்காரர், ஏழை?

கயல்: வறுமை ஒழிப்புக்குப் பாடுபடும் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு கணக்குப் போட்டிருக்கிறது அத்தை. 2019-ல் உலகின் மேல்தட்டு 1 சதவீதத்தினர் வெளியிட்ட புகையும், அடித்தட்டில் இருக்கும் 66 சதவீதத்தினர் வெளியிட்ட புகையும் ஏறக்குறைய சமம்.

செந்தில் சித்தப்பா: ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் எல்லாம் படித்தேன். கயல், நிலக்கரியை மூடு என்று நீ மேடையில் சொன்னால் கை தட்டுவார்கள். அனல்மின் நிலையத்தில் கன்வேயர் பக்கத்தில் நிற்கிற நான் எங்கே போவது?

மாலா அத்தை: அவன் கேட்பதும் நியாயம்தானே.

கயல்: நியாயம்தான். அதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்ஸ் இருக்கிறது. பெரும் பணக்காரர்களின் சொத்து வரியைக் குறைத்த கையோடு, சுற்றுச்சூழல் பெயரில் எரிபொருள் வரியை ஏற்றப் பார்த்தார்கள். 2018 நவம்பரில் மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு ஜனம் சாலைக்கு வந்தது. டிசம்பரிலேயே வரி உயர்வைக் கைவிட வேண்டியதாயிற்று.

செந்தில் சித்தப்பா: அது வரி. நான் வேலையைக் கேட்டேன்.

கயல்: ஸ்பெயினில் அதே 2018-ல் சுரங்கங்களை மூடும் முன் அரசு தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது. 25 கோடி யூரோ. வயதானவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வு, மற்றவர்களுக்கு மறுபயிற்சி. தொழிலாளியைக் கைவிடாமல் தொழிலை மாற்றும் 'நியாயமான மாற்றம்' என்கிற பேச்சே தொழிற்சங்கங்களிடமிருந்து வந்ததுதான் சித்தப்பா. 2015 பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் முன்னுரையில்கூட இருக்கிறது.

செந்தில் சித்தப்பா: ம்.

செந்தில் சித்தப்பா: பேச்சில் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்துச் சொல். எங்களில் பாதிப் பேர் அவர்கள்தான். யாரும் சொல்வதில்லை.

பெரியப்பா: சரி, அட்டைக்கு வருவோம். அட்டையால் ஏதாவது நடந்திருக்கிறதா?

கயல்: வனுவாட்டு கதை தெரியுமா? பசிபிக்கில் குட்டித் தீவு நாடு. 2019-ல் அங்கே சட்டம் படித்த 27 மாணவர்கள் வகுப்பில் ஒரு யோசனை செய்தார்கள். காலநிலை விஷயத்தை ஹேக் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டு போனால் என்ன? வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது. ஒவ்வொரு நாடாகப் பேசி ஆதரவு சேர்த்தார்கள். 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பே இல்லாமல் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜூலையில் நீதிமன்றம் கருத்துச் சொன்னது: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு வரைக்கும் போகலாம்.

அருண்: வகுப்பில் நான் யோசித்ததெல்லாம் மணி எப்போது அடிக்கும் என்பதுதான்.

பெரியப்பா: அந்தக் கருத்துக்குக் கட்டுப்பட வேண்டுமா?

கயல்: இல்லை. ஆலோசனைக் கருத்துதான்.

பெரியப்பா: அப்படியானால் நோட்டீஸ் மாதிரி. நோட்டீஸ் போனதும் பணம் வந்துவிடாது. ஆனால் நோட்டீஸ் இல்லாமல் வசூலும் இல்லை.

கயல்: இதே வனுவாட்டுதான் 1991-லேயே, கடல் ஏறினால் ஈடுகட்ட ஒரு காப்பீட்டு நிதி வேண்டும், தொழில்வள நாடுகள் அதில் பணம் போட வேண்டும் என்று தீவு நாடுகள் சார்பில் கேட்டது. காலநிலை இழப்புகளுக்கான நிதிக்குச் சம்மதம் கிடைத்தது 2022-ல், எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில்.

மாலா அத்தை: 31 வருடம்! கேட்டவர்களுக்குப் பேரன் பேத்தி வந்திருக்கும்.

கயல்: கடன் தள்ளுபடி கேட்ட இயக்கமும் உண்டு. 1998-ல் பர்மிங்காமில் வல்லரசுத் தலைவர்கள் கூடியபோது சுமார் 70,000 பேர் கைகோத்து நின்றார்கள். அதற்குப் பிறகு பல ஏழை நாடுகளின் கடன் ரத்தானது.

பெரியப்பா: தள்ளுபடி மட்டும் எனக்கு ஒத்துவராது. வாங்கினால் கட்ட வேண்டும்.

மாலா அத்தை: வெள்ளத்தில் எல்லாம் போனவனிடம் எதை ஜப்தி செய்வீர்கள் அண்ணா?

கயல்: உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒன்று இருக்கிறது பெரியப்பா. பேரிடர் வந்தால் தவணை தானாக நிற்கும் என்று கடன் பத்திரத்திலேயே எழுதிவிடுவது. கரீபியன் தீவு நாடான பார்படாஸின் பிரதமர் மியா மோட்லி இதை ஊர் ஊராகச் சொல்லி வருகிறார். 2024-ல் பெரில் சூறாவளி அடித்தபோது இன்னொரு கரீபியன் தீவு நாடான கிரெனடா அந்த ஷரத்தைப் பயன்படுத்தித் தவணையைத் தள்ளிப்போட்டது.

பெரியப்பா: இது முறை. பத்திரத்தில் இருந்தால் யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டாம். இதை எழுது. முதல் வரி நான் தருகிறேன்: "ஒரு கடன் கணக்கு தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறது."

அருண்: பூமித்தாய்?

கயல்: அடித்துவிட்டேன்.

செந்தில் சித்தப்பா: அந்த ஸ்பெயின் ஒப்பந்தம் தமிழில் கிடைக்குமா? நாளைக்குச் சங்கத்தில் காட்ட வேண்டும்.

கயல்: நானே சுருக்கி எழுதி ராத்திரி அனுப்புகிறேன் சித்தப்பா.

செந்தில் சித்தப்பா: எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். சங்கத் தலைவருக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது.